இருபத்தேழாம் பொந்து

விஸ்வநத்தத்துக்குத் தெற்கே, வேலிக்கருவைக்கு நடுவில் இருக்கிற அந்தப் பட்டாசு கம்பெனியில் முதலாளிக்கு அடுத்த அதிகாரம் யாருக்கு என்று கேட்டால், மேனேஜர் இராமகிருஷ்ணன் தனக்குத்தான் என்பார். உள்ளே வேலை பார்க்கிற நூற்றுப்பத்துப் பேரைக் கேட்டால், வாட்ச்மேன் சங்கிலிமுத்துவுக்கு என்பார்கள். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கிவிடலாம். சங்கிலிமுத்துவிடம் ஒரு தீப்பெட்டியைத் திரும்ப வாங்க முடியாது.

உள்ளே மருந்து கலக்கிற இடம். தீப்பெட்டி, பீடி, ஆணி அடித்த செருப்பு, செல்போன் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. போன்களை வைப்பதற்கென்று கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய தகரக் கொட்டகையில் ஒரு மர அடுக்கு இருந்தது. பழைய பேக்கிங் பெட்டிகளை அறுத்து அவரே அடித்தது. நூற்றிருபது பொந்துகள், பொந்துக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு அலுமினிய வில்லை. காலையில் போனைக் கொடுத்து வில்லையை வாங்க வேண்டும், சாயங்காலம் வில்லையைக் கொடுத்துப் போனை வாங்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் சிரித்தது அவருடைய நோட்டைப் பார்த்துத்தான்.

சங்கிலிமுத்து பிறந்து வளர்ந்த வீடு சாத்தூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறம். ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு ரயிலையும் நேரம் பார்த்து எழுதுவதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த பையன் அவர். நிற்கிற ரயிலை எழுதுவது சரி, நிற்காமல் போகிற ரயிலையும் அந்த மனிதர் எழுதினார். அதுதான் பையனுக்குப் பிடித்துப்போனது. தானும் ஸ்டேஷன் மாஸ்டர் ஆவது என்று முடிவு செய்தான். எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் காலை வாரிவிட்டது. அப்புறம் முப்பது வருடம் பட்டாசுச் சரம் பின்னி, கண்ணில் புரை விழுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஐம்பத்திரண்டாவது வயதில் கேட்டில் வந்து உட்கார்ந்தபோது, கடைசியில் தனக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்துவிட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

கம்பெனி அவருக்கு ரிஜிஸ்டர் எதுவும் தரவில்லை. சிவகாசி பஜாரில் முகம்மது இஸ்மாயில் பேப்பர் கடையில் இருநூறு பக்க நீள நோட்டு ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி, கோடு போட்டுக்கொண்டார். எந்தப் பொந்து, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. பொந்தில் இருக்கிற போன் அடித்தால் அதையும் எழுதினார். ‘46 - 10.05 - அடித்தது.’ மெசேஜ் வந்து டிங் என்றால் அதற்கு ஒரு புள்ளி. சாயங்காலம் போனைக் கொடுக்கும்போது வாயாலும் சொல்லிவிடுவார்.

“ஒனக்கு மூணு வாட்டி அடிச்சதுப்பா. ரெண்டு வாட்டி ஒரே ஆளுதான்னு நெனைக்கேன். ரொம்பப் பொறுமையா அடிச்சாக.”

போனிலேயே அதெல்லாம் பதிவாகுமே என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். போன் சொல்கிறது போன் கணக்கு, நான் எழுதுகிறது கேட்டுக் கணக்கு என்பார். லோடு ஏற்றுகிற சோலைச்சாமி ஒரு நாள் பெண்டாட்டியிடம், போனே அடிக்கவில்லை என்று சாதித்துவிட, அந்த அம்மா மறுநாள் கேட்டுக்கே வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து கல்யாணமான ஆண்கள் எல்லாருக்கும் அந்த நோட்டு என்றால் ஒரு மரியாதை.

இரண்டு விஷயத்தில் அவர் கறார். ஒன்று, அடுத்தவர் போனை எடுக்க மாட்டார். அது அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற மாதிரி. இரண்டாவது, நடந்ததை விடாமல் எழுதுவார். மேனேஜர் தினமும் தன் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விறைப்பாக உள்ளே போவார். அவரைச் சோதனை போட சங்கிலிமுத்துவுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எழுதுவதை யார் தடுக்க முடியும்? ‘8.40 - மேனேஜர் - கேட்டேன் - தரவில்லை.’ தன்னையும் விட்டுவைக்கவில்லை. என்றைக்காவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்தால், எழுந்ததும் முதல் வேலையாக அதை எழுதிவிட்டுத்தான் முகம் கழுவுவார்.

அவர் மனைவி சின்னத்தாய்க்கு இது தெரியும். “வீட்ல கொறட்டை விடுறதையும் எழுதி வைக்க வேண்டியதுதான? அந்த நோட்டு பத்தாதுன்னு விட்டுட்டீகளா?” என்பாள்.

இருபத்தேழாம் பொந்து செல்வலட்சுமியுடையது. புஸ்வாணம் செய்கிற கொட்டகையான பூச்சட்டி செட்டில் வேலை. புருஷன் பிரபாகரன் லாரி டிரைவர், தீபாவளி சீசனில் வடநாட்டு லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்ப மூன்று வாரம் ஆகும். ஒரே மகள் எழில், ஊர் அரசுப் பள்ளியில் படித்து, நீட் பரீட்சையை இரண்டாவது தடவை எழுதி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் வாங்கியிருந்தாள். அதுவும் கலந்தாய்வின் கடைசிச் சுற்றில், பஸ்ஸில் நான்கு மணி நேரம் போனால் வந்துவிடுகிற ஒரு கல்லூரியில். செய்தி தெரிந்த அன்று செல்வலட்சுமி கேட்டில் நின்று எல்லாருக்கும் காராச்சேவு கொடுத்தாள். சங்கிலிமுத்து தன் பங்கை வாங்கிக்கொண்டு, ‘27 - சேவு - நூற்றுப்பத்துப் பேர்’ என்று எழுதிவைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. வெள்ளி காலை முதல் பஸ்ஸில் போவதாகத் திட்டம். வியாழக்கிழமை லோடு முடிந்தால்தான் லீவு என்று மேனேஜர் சொல்லிவிட்டதால், வியாழக்கிழமை செல்வலட்சுமி வழக்கம்போல ஏழு நாற்பதுக்குப் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கென்று சென்னையில் கனமழை எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சேர்க்கையை நடத்துகிற அலுவலகத்தார் கடைசித் தேதியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கலாம். அந்த மகான்கள் வியாழக்கிழமைக்கு இழுத்துவிட்டார்கள். இன்றே மாலை ஐந்து மணிக்குள் சேராவிட்டால் இடம் ரத்து என்று பத்து இருபதுக்கு ஒரு மெசேஜ். அப்புறம் அவர்களே மனசு கேட்காமலோ என்னவோ, போனும் பண்ணினார்கள். மனுவில் கொடுத்திருந்தது அம்மாவின் நம்பர். அந்த வீட்டில் இருந்ததே அந்த ஒரு போன்தான். அது இருபத்தேழாம் பொந்தில் அடித்தது, சங்கிலிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார், எழுதினார்.

மாலை ஐந்து முப்பத்தைந்துக்குச் செல்வலட்சுமி வில்லையைக் கொடுத்தாள்.

“பத்து இருவதுக்கு ஒரு மெசேஜு. பதினொன்னு பத்துக்கு ஒருக்கா, மூணு இருவதுக்கு ஒருக்கா அடிச்சது தாயி. ஊருக்குப் போற நேரம், யாராச்சும் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருப்பாக.”

“அப்படித்தான்ணே இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே அவள் கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

மறுநாள் லீவில் இருக்க வேண்டியவள் ஏழு நாற்பதுக்குக் கேட்டில் வந்து நின்றாள். பக்கத்தில் எழில். இரண்டு பேரும் விடிய விடிய அழுதிருந்தது முகத்திலேயே தெரிந்தது. மெசேஜ் இங்கிலீஷில் இருந்ததால் வீட்டுக்குப் போய் மகள் படித்த பிறகுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. இடம் ரத்தாகிவிட்டது. கல்லூரிக்குப் போன் பண்ணினால் சென்னையைக் கேட்கச் சொன்னார்கள். சென்னையில் மழை.

சங்கிலிமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினொன்று பத்துக்கு அந்தப் போனை எடுத்திருந்தால், செட்டுக்கு ஓர் ஆள் அனுப்பியிருந்தால், அந்தப் பிள்ளை மூன்றரைக்கெல்லாம் கல்லூரி வாசலில் நின்றிருக்கும். தன் கறாரை நினைத்து அவருக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

“நான் எடுத்திருக்கணும் தாயி” என்றார்.

“நீங்க என்னண்ணே செய்வீக. எடுக்கக் கூடாதுன்னுதான வச்சிருக்கீக.”

அவள் அப்படிச் சொன்னது அவரை இன்னும் கொன்றது. அன்றைக்கு ஆறு வருடத்தில் முதல் முறையாக அரைநாள் லீவு போட்டு, இரண்டு பேரையும் இஸ்மாயில் பேப்பர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோட்டு வாங்குகிற கடையில் வழக்குக்கு என்ன வேலை என்று செல்வலட்சுமி விழித்தாள். இஸ்மாயிலின் மகள் நாஜியா மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வக்கீல் என்பது சங்கிலிமுத்துவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் ஊருக்கு வந்துவிடுவாள் என்பதும் தெரியும். எல்லாம் நோட்டு வாங்கப் போன இடத்தில் கேட்டுவைத்ததுதான்.

நாஜியா பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமையே வழக்குப் போட்டு, வழக்கு முடிகிறவரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஓர் இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டாள். அதில் எல்லாருக்கும் பாதி மூச்சு வந்தது. மீதி மூச்சை எதிர்த்தரப்புப் பதில் மனு பிடித்து நிறுத்தியது. ‘மனுதாரரின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினோம். காலை 11.10, மதியம் 1.45, மாலை 3.20 ஆகிய நேரங்களில் தொலைபேசியிலும் அழைத்தோம். வேறு நல்ல கல்லூரி கிடைக்கும் என்ற நப்பாசையில் வேண்டுமென்றே எடுக்காமல் இருந்துவிட்டு, இப்போது நாடகம் ஆடுகிறார்.’

“போன் அன்னைக்குப் பூராவும் கேட்லதான் கெடந்துச்சுன்னு காட்டணும். கம்பெனி லெட்டர் மட்டும் பத்தாது. ஒங்க நோட்டு வேணும்ணே” என்றாள் நாஜியா.

சங்கிலிமுத்து நோட்டைத் திறந்தார். பதினொன்று பத்து இருந்தது. மூன்று இருபது இருந்தது. ஒன்று நாற்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில், அவருடைய கையெழுத்திலேயே இப்படி இருந்தது: ‘1.35 முதல் 1.55 வரை கண் அசந்துவிட்டேன். யாருக்கு அடித்ததோ தெரியாது.’

மூன்று அழைப்பில் ஒன்றைக் காணோம் என்றால், நோட்டே பொய் என்று எதிர்த்தரப்பு ஒரே போடாகப் போட்டுவிடாதா? பட்டாசு கம்பெனி வாட்ச்மேன் தூங்கினான் என்று கோர்ட்டில் படித்தால் மறுநாள் வேலை இருக்குமா? அந்த வரிக்கு மேலே ஒரு விரல்கடை வெள்ளை இடம் இருந்தது. ‘27 - 1.45 - அடித்தது’ என்று எழுத அது தாராளமாகப் போதும். கீழே இருக்கிற வரியை லேசாக அடித்துவிட்டால் பிள்ளையின் படிப்பும் பிழைக்கும், தன் வேலையும் பிழைக்கும். பேனா கையில்தான் இருந்தது.

“அது நெசமாவே அடிச்சிருக்கு வக்கீலம்மா. அவுகளே சொல்லுதாக, போன்லயும் இருக்கு. நடந்ததைத்தான எழுதப்போறேன், சேத்துரட்டுமா?”

“நீங்க கேட்டீகளா அது அடிச்சதை?”

“இல்ல.”

“அப்ப ஒரு புள்ளிகூட வைக்காதீக.”

அவர் பேனாவை மூடினார். மூடிய பிறகும் மூன்று நாள் அந்த விரல்கடை இடம் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. தான் எழுதாமல் விட்டதற்காக அந்தப் பிள்ளை டாக்டராகாமல் போனால், அப்புறம் எந்த மூஞ்சியோடு இருபத்தேழாம் வில்லையை எடுத்து நீட்டுவது?

மேனேஜர் தன் பங்குக்கு வந்து சேர்ந்தார். “ஏம்யா சங்கிலி, கம்பெனி நோட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறியாமே?”

“கம்பெனி நோட்டு இல்லைங்க. நான் வாங்குன நோட்டு. பில்லு இருக்கு.”

“அதுல என்னத்தையெல்லாம் எழுதி வச்சிருக்க?”

“நடந்ததை எழுதியிருக்கேங்க” என்றார் சங்கிலிமுத்து. இராமகிருஷ்ணன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை நாளன்று மதுரைக்குக் காலை ஏழு மணி பஸ். சங்கிலிமுத்து கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார், நோட்டை மஞ்சள் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தார். கோர்ட் வளாகத்து வாசலில் சோதனை போட்டார்கள். அவரைத் தடவிப் பார்த்த போலீஸ்காரர் இடது சட்டைப்பையை விட்டுவிட்டார். “இதையும் பாத்துருங்க சார்” என்று இவரே காட்டினார். உள்ளே வழக்கு நடந்துகொண்டிருந்தபோது எங்கேயோ ஒரு வக்கீலின் போன் அலறியது. சங்கிலிமுத்துவின் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பதினொன்று நாற்பது. எழில் அத்தனை பயத்திலும் பக்கென்று சிரித்துவிட்டாள், அவள் அம்மா தொடையில் கிள்ளினாள்.

அவர்கள் வழக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். இது கம்பெனி பதிவேடு அல்ல, முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை, மனுதாரருக்கு வேண்டியவர் எழுதியது, வழக்குக்காகப் பிற்பாடு தயார் செய்தது என்றார்.

நீதிபதி நோட்டை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். புரட்டுவதை நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனார். அவர் முகத்தில் என்னவோ நடந்தது.

“இதை எழுதியவர் வந்திருக்கிறாரா?”

சங்கிலிமுத்து எழுந்தார். “நாந்தானுங்கய்யா.”

“யார் இந்த மேனேஜர்? ‘கேட்டேன், தரவில்லை’ என்று தினமும் எழுதியிருக்கிறீர்களே.”

“எங்க மேனேஜருங்கய்யா. நெதமும் கேப்பேன். நெதமும் தர மாட்டாரு.”

கோர்ட்டில் சிரிப்பு ஓடியது. நீதிபதி இன்னும் சில பக்கங்களைத் தள்ளி அந்த வியாழக்கிழமைக்கு வந்தார். நாஜியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீதிபதி அந்த வரியைப் படித்தார், பதில் மனுவைப் படித்தார், மறுபடி வரியைப் படித்தார்.

“ஒன்று முப்பத்தைந்திலிருந்து ஒன்று ஐம்பத்தைந்து வரை தூங்கினீர்களா?”

“ஆமாங்கய்யா.” “தப்புத்தானுங்கய்யா. அதுக்கு அந்தப் புள்ளைய ஒண்ணும் செஞ்சுராதீக.”

நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். “இவர்களை ஒன்று நாற்பத்தைந்துக்கு அழைத்ததாக நீங்களே சொல்கிறீர்கள். வழக்குக்காகப் பிற்பாடு எழுதியவர் உங்கள் மனுவைப் பார்த்து மூன்று நேரத்தையும் அல்லவா எழுதியிருப்பார்? இவர் ஒன்றை விட்டுவிட்டு, விட்டதற்குக் காரணமாகத் தன் வேலையே போகக்கூடிய ஒரு விஷயத்தை எழுதிவைத்திருக்கிறார். இந்த நோட்டை நான் நம்புகிறேன். உங்கள் கோப்பைவிட நம்புகிறேன்.”

அப்புறம் நடந்தது மளமளவென்று நடந்தது. வெள்ளிக்கிழமை என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் காலையில் அன்றைக்கே வா என்பது முறையல்ல. போன் கொண்டுபோகக் கூடாத இடத்தில் வேலை பார்க்கிற தாய் போனை எடுக்கவில்லை என்பதால் மகளின் இடத்தைப் பறிக்க முடியாது. ரத்து செல்லாது, ஒரு வாரத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். செல்வலட்சுமிக்கு இங்கிலீஷில் சொன்னது எதுவும் புரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். வராண்டாவுக்கு வந்ததும் சங்கிலிமுத்துவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவரும் அழுதார். மனசு நிறைந்து அழுத அழுகை அது, ஒளிக்க என்ன இருக்கிறது.

“நீங்க தூங்குனதுதான் மாமா என்னைய டாக்டராக்கிருச்சு” என்றாள் எழில்.

“இதை ஒங்க அத்தைகிட்ட சொல்லிராத தாயி. அவ ஊரெல்லாம் சொல்லிருவா.”

வேலை போகவில்லை. தீர்ப்பு விவரம் முதலாளி காதுக்கு எட்டியது, அவர் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தூங்கினதற்கு ஒரு திட்டு விழுந்தது, அத்தோடு கேட்டுக்கு மாற்று ஆள் ஒருவரும் போட்டார்கள். மேனேஜருக்கு விழுந்த திட்டு அதைவிடப் பெரியது. மறுநாளிலிருந்து மர அடுக்கில் ஒன்றாம் பொந்து இராமகிருஷ்ணனுக்கு என்று ஆனது. அவர் போனை நீட்டும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார், சங்கிலிமுத்து மட்டும் வில்லையை இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுப்பார்.

எழில் கல்லூரிக்குப் போன அன்று, செல்வலட்சுமி போனைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாள். “அண்ணே, இனிமே எனக்கு அடிச்சா நீங்களே எடுங்க. வேற யாரு எடுப்பா.”

அவர் போனைப் பொந்தில் வைத்துவிட்டு இருபத்தேழாம் வில்லையை எடுத்து நீட்டினார்.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை இருபத்தேழாம் பொந்து அடித்தது. சங்கிலிமுத்து பேனாவை எடுத்து நேரத்தை எழுதினார், ‘அடித்தது’ என்றும் எழுதினார். போன் நிற்கவில்லை. அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொட்டகையில் யாரும் இல்லாவிட்டாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பொந்திலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“மாமாவா? ஒண்ணுமில்ல மாமா, பதறாதீக. மொதப் பரீட்சைல பாஸாயிட்டேன். அம்மாகிட்ட சொல்லிருங்க. சாயங்காலம் வரைக்கும் எனக்குப் பொறுக்கல.”

மாற்று ஆளைக் கேட்டில் நிறுத்திவிட்டு, ஐம்பத்தெட்டு வயது சங்கிலிமுத்து பூச்சட்டி செட்டு வரைக்கும் வெறுங்காலோடு ஓடினார். செய்தியைச் சொல்லி, செல்வலட்சுமி அழுது சிரித்து முடிகிறவரை நின்று, திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைப் பக்கத்தில் இழுத்து, விட்ட இடத்துக்கு நேராக, ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட எழுதாத ஒரு வார்த்தையை எழுதினார்.

‘27 - 11.10 - அடித்தது - எடுத்தேன்.’